மெல்லிய தகட்டை எதனால் வெட்டுவது?

இடம்பெயர்ந்து வாழும் எமக்குத் தகரம் புதிய பொருளல்ல. வீட்டை விட்டு வந்த நாள்தொட்டு அது எம்மோடு இருக்கிறது. கூரையாக, வேலியாக, மழைநீர் வடியும் பீலியாக, அடுப்புக்குக் காற்று மறைப்பாக, விதை நெல் வைக்கும் பெட்டியாக அது உருமாறிக்கொண்டே வருகிறது. 2009 இல் போர் முடிந்த பின்னர் வன்னியில் மீளக் குடியமர்ந்த பல குடும்பங்களுக்கு முதலில் கிடைத்த வீட்டுப் பொருட்களுள் கூரைத் தகரமும் ஒன்று. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்களின் கொட்டில்களிலும் அதே தகரமே நிற்கிறது.

இத்தகரத்தை வெட்டும் வேலை அன்றாடம் நடக்கிறது. ஆனால் எதனால் வெட்டுவது என்பதைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. கையில் எது அகப்படுகிறதோ அதனால் வெட்டுகிறோம். பக்கத்து வீட்டில் கிறைண்டர் இருந்தால் கிறைண்டர். வெல்டிங் கடை அருகில் இருந்தால் காஸ். எதுவும் இல்லையேல் உளியும் சுத்தியலும். இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் பிழையான வெட்டினால் ஒரு வருடத்திலேயே துருப்பிடித்த பீலியையும், அந்து புகுந்த நெற் பெட்டியையும், வெட்டுண்ட விரல்களையும் நாம் காண்கிறோம். குறைந்த முதலோடு வாழ்பவனுக்கு ஒரு தகடு வீணாவது சிறிய நட்டமல்ல. ஆகவே இதைப்பற்றி எமது கருத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

வெட்டத்தான் வேண்டுமா?

முதற் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும். முழுத் தகரத்தைக் கழற்றி இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். வெட்டிய தகரத்தை மீண்டும் முழுத் தகரமாக்க முடியாது. தற்காலிகக் கொட்டிலுக்குக் கூரை போடும்போது, தகரம் ஒன்றரை அடி நீளமாக இருக்கிறதென்று அதை வெட்டி எறிவதைவிட, ஒன்றின்மேல் ஒன்று அதிகமாக ஏறும்படி அடுக்குவதே நல்லது. தாழ்வாரம் சற்று நீண்டு கிடந்தால் மழைச்சாரலுக்கு மறைப்பாகவும் இருக்கும். நாளைக்குச் சொந்த வளவில் வீடு கட்டும்போது அத்தகரங்கள் முழுமையாகக் கைகொடுக்கும். எத்தனையோ தடவை எழும்பி நடந்தவர்கள் நாம். வெட்டாமல் விடுவதும் ஒரு வெட்டு முறைதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

வெட்டியே ஆகவேண்டும் என்றால், சீமெந்துப் பையின் கடதாசியில் முதலில் உருவத்தை வரைந்து வெட்டி, மடித்துப் பார்த்துவிட்டுத் தகட்டில் கை வையுங்கள். கடதாசி பிழைத்தால் செலவில்லை. பழைய தகரத்தில் செய்யக்கூடிய வேலைக்குப் புதிய தகட்டை எடுக்க வேண்டியதுமில்லை. தென்னையில் எலி ஏறாமல் அடிக்கும் தகரப் பட்டிக்கும், விதை வைக்கும் பரணின் கால்களில் எலித் தடுப்பாக மாட்டும் தட்டுக்கும் பழைய கூரைத் தகரத்தை மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி எடுத்தாலே போதும்.

தடிப்பைத் தெரிந்துகொள்வோம்

கடைக்காரர் தகட்டின் தடிப்பைக் கேஜ் எண்ணில் சொல்வார். எண் கூடக் கூடத் தடிப்புக் குறையும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் கேஜ் அளவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 24 கேஜ் என்றால் பிரித்தானியக் கம்பி அளவில் ஏறத்தாழ 0.56 மில்லிமீற்றர். அமெரிக்க நாகத்தகட்டு அளவிலோ அதே 24 கேஜ் 0.70 மில்லிமீற்றர். விலையில் இதனால் வித்தியாசம் வரும். வெட்டும் கருவியிலும் வரும். ஆகவே தகடு வாங்கும்போது “எத்தனை மில்லிமீற்றர்?” என்றே கேளுங்கள்.

எமது வேலைகளுக்கு வரும் தகடுகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். கூரை, பீலி, பூவாளி, தானியப் பெட்டி என்பவற்றுக்கான தகடு பெரும்பாலும் முக்கால் மில்லிமீற்றருக்கு உட்பட்டது. எண்ணெய்ப் பீப்பாத் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அடுப்பின் மேற்தட்டு, களைகருவியின் அலகு போன்றவை ஒன்றரை மில்லிமீற்றரும் அதற்கு மேலும். முதல் வகைக்கு ஏற்ற முறை மூன்றாம் வகைக்கு ஏற்றதல்ல. இதை விளங்கிக்கொண்டாலே பாதிப் பிழை குறைந்துவிடும்.

குளிர் வெட்டும் சூட்டு வெட்டும்

கல்வனைஸ் தகடு என்று நாம் சொல்வது, இரும்புத் தகட்டின் இருபக்கமும் நாகம் பூசியதாகும். துருப்பிடிக்காமல் காப்பது அந்த மெல்லிய நாகப் பூச்சே. நாகம் 420 பாகை செல்சியஸ் அளவில் உருகி, 907 பாகையில் ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். ஆகவே நெருப்பாலோ தீப்பொறியாலோ தகட்டை வெட்டும்போது, இரும்பு வெட்டுப்படுவதற்கு முன்பே வெட்டின் இருபக்கமும் நாகம் எரிந்து போய்விடுகிறது. அந்த இடத்திலிருந்துதான் துரு தொடங்குகிறது.

கத்தரியால் குளிர்ந்த நிலையில் வெட்டினால் இந்நட்டம் இல்லை. வெட்டிய விளிம்பில் இரும்பு வெளியே தெரிந்தாலும், தகடு மெல்லியதாக இருப்பதால் இருபக்கமும் உள்ள நாகம் தான் முதலில் கரைந்து அந்த விளிம்பைக் காக்கும். மெல்லிய நாகத் தகட்டுக்குக் குளிர் வெட்டே முதல் தெரிவு என்று நாம் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. எரியும் நாகத்தின் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தின் பின் காய்ச்சல், குளிர், உடல்வலி வரும். மலேரியாவோ டெங்குவோ என்று பயப்படும் அளவுக்கு இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் மாறிவிடும் என்பதற்காக அதை அலட்சியம் செய்யக்கூடாது. மூடிய கொட்டிலுக்குள் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு நாகத் தகட்டை எரித்து வெட்டுவது எவ்வகையிலும் தகாது.

கைக் கருவிகள்

தகரம் வெட்டும் கத்தரிக்கோல் எமக்கு மிகவும் பொருத்தமான கருவி. நல்ல கத்தரி ஒன்று 1.2 மில்லிமீற்றர் வரையான மெல்லிரும்புத் தகட்டை வெட்டும். கடைகளில் வரும் நெம்புபிடிக் கத்தரிகளில் பெரும்பாலும் மஞ்சள் பிடி நேர் வெட்டுக்கும், சிவப்புப் பிடி இடப்பக்க வளைவுக்கும், பச்சைப் பிடி வலப்பக்க வளைவுக்கும் உரியவை. மூன்றையும் ஒரு குடும்பம் வாங்க வேண்டியதில்லை. நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொகுதி வைத்திருக்கலாம். வெட்டும்போது அலகுகளை முனைவரை முற்றாக மூடாதீர்கள். சற்று மீதி விட்டு முன்னே தள்ளி வெட்டினால் விளிம்பில் கொக்கி போன்ற பிசிறு விழாது.

இரும்பு வாளால் மெல்லிய தகட்டை அறுக்கப் பலர் முயன்று வாளை முறிக்கிறார்கள். காரணம் எளிது. அங்குலத்துக்கு 32 பல் உள்ள நுண்ணிய வாளிலும் ஒரு பல்லுக்கும் மறு பல்லுக்கும் இடையில் 0.8 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. அரை மில்லிமீற்றர்த் தகடு அந்த இடைவெளிக்குள் விழுந்து சிக்கிக்கொள்கிறது. வாளால்தான் அறுக்கவேண்டும் என்றால் தகட்டை இரண்டு பலகைத் துண்டுகளுக்கிடையில் இறுக்கிப் பலகையோடு சேர்த்து அறுக்க வேண்டும்.

உளியை வெட்டுக்குக் கடைசியாகவே எடுக்க வேண்டும். அது தகட்டை நெளிக்கும். ஆனால் தகட்டின் நடுவே துவாரம் எடுப்பதற்கு, மரக்குற்றியின் மேல் வைத்து உளியால் வாய் திறந்து, பின் கத்தரியை நுழைத்து வெட்டலாம்.

நீண்ட நேர் வெட்டு நிறைய உள்ள பட்டறைக்குக் காலால் மிதித்து வெட்டும் கில்லட்டின் மிக நல்லது. மின்சாரம் வேண்டாம், தீப்பொறி இல்லை, விளிம்பு நேராக வரும். நாலடி அகலத் தகட்டை ஓரடிப் பட்டிகளாக வெட்டிப் பீலி செய்பவருக்கு, எட்டடித் தகடு ஒன்றில் நாலு பட்டி, அதாவது 32 அடிப் பீலி கிடைக்கும். தகடு நீளப் பக்கமாக முழுதாகக் கொள்ளும் எட்டடி இயந்திரம் கிராமத்துக்குப் பெரிது. ஆனால் நாலடி இயந்திரத்தில் தகட்டைக் குறுக்காக வெட்டி நாலடிப் பீலித் துண்டுகளாகச் செய்து பொருத்தலாம்.

எக்கருவியால் வெட்டினாலும், வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து அல்லது அரை அங்குலம் மடித்து விடுங்கள். மடித்த விளிம்பு கையை வெட்டாது. தகட்டுக்கும் பலம் தரும். தகரம் வெட்டினால் காயத்தைக் கழுவி, ஏற்புவலி ஊசி போடவேண்டுமா என்று வைத்தியசாலையில் கேட்டறியுங்கள்.

கிறைண்டரைப் பற்றி

“கத்தரியால் அரை நாள் வெட்டுவதைக் கிறைண்டரால் அரை மணியில் முடிக்கலாமே” என்று எமது இளைஞர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. கோண இரும்பு, குழாய், தடித்த தகடு என்பவற்றுக்குக் கிறைண்டர் ஏற்றதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூரைத் தகரத்துக்கும் தானியப் பெட்டித் தகட்டுக்கும் அது ஏற்றதல்ல.

கிறைண்டரின் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுழல்கிறது. அதிலிருந்து பறக்கும் சூடான இரும்புத் துகள்கள் தகட்டின் பூச்சிலே பதிந்துவிடும். சில நாட்களில் ஒவ்வொரு துகளும் ஒரு துருப் புள்ளியாகும். நிறம் பூசிய கூரைத் தகட்டில் இது இன்னும் மோசம். மெல்லிய தகடு அதிர்ந்து தட்டைக் கவ்விப் பிடித்தால் கருவி திருப்பி அடிக்கும். தட்டு உடைந்து பறக்கவும் கூடும். காப்புமூடியைக் கழற்றிவிட்டு, கண்ணாடி இல்லாமல், செருப்போடு நின்று கிறைண்டர் பிடிப்பதை எல்லா ஊரிலும் காண்கிறோம். அரை மணி மிச்சப்படுத்தி ஒரு கண்ணைக் கொடுப்பது நல்ல வியாபாரமல்ல. ஓலைக் கொட்டிலுக்கு அருகில் பொறி பறந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கணக்கு

சொந்தமாக நெற் கொள்கலன் செய்ய விரும்பும் குடும்பத்துக்கு ஒரு கணக்குத் தருகிறோம். எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்றை நீளப் பக்கமாக உருட்டி மூட்டினால், நாலடி உயரமும் ஏறத்தாழ 30 அங்குல விட்டமும் உள்ள உருளை வரும். அதில் 300 கிலோ, அதாவது ஏறத்தாழ 14 புசல் நெல் கொள்ளும். அடிக்கும் மூடிக்கும், மடிப்பையும் சேர்த்து, 32 அங்குல வட்டம் இரண்டு வேண்டும். இவ்விரண்டும் இன்னொரு தகட்டில் அடங்கும். மிச்சத் துண்டில் வாய்க்கும் வெளிவழிக்கும் கழுத்துச் செய்யலாம்.

இங்கே உருளைக்குப் பெரும்பாலும் வெட்டே இல்லை. வட்டங்கள் இரண்டையும் சுற்றி வெட்டும் நீளமோ 16 அடிக்கு மேல். ஆகவே இவ்வேலைக்குத் தேவை வளைவுக் கத்தரியே. கில்லட்டின் வளைவை வெட்டாது. கிறைண்டர் வளைவில் நெளிக்கும். காஸ் தகட்டைக் கருக்கும். மூட்டுக்களை வெல்டிங் செய்யாமல் மடித்து, வெளிப்பக்கமாக ஈயப்பற்று வைத்தால் நாகம் அழியாது. பற்று உருகும் சூடு நாகம் உருகும் சூட்டைவிட மிகக் குறைவு. ஈயம் தானியத்தில் படக்கூடாது என்பதையும் கவனியுங்கள். நெல்லை நன்றாகக் காயவைத்து, ஈரம் 13 வீதமளவில் வந்த பின்பே கொள்கலனில் இடவேண்டும். ஈர நெல்லை எந்தத் தகடும் காப்பாற்றாது.

இம்முறை பிறநாடுகளில் பரிசோதிக்கப்பட்டதே. 1983 இல் மத்திய அமெரிக்க நாடான ஹொண்டுராஸில், சுவிற்சர்லாந்தின் உதவியோடு, அறுவடைக்குப் பின் தானியத்தைக் காக்கும் திட்டமொன்று தொடங்கியது. பின்னர் குவாத்தமாலா, எல் சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளுக்கும் பரவியது. எம்மைப் போலப் போரையும் இடப்பெயர்வையும் கண்ட நாடுகள் அவற்றுள் உண்டு. அங்கே ஊர்த் தகரவேலையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 26 கேஜ் நாகத் தகட்டில் வீட்டுக்கு ஒரு கொள்கலன் செய்ய வைத்தார்கள். கத்தரியும் மரச் சுத்தியலும் ஈயப்பற்றுமே அதற்குப் போதுமாயிருந்தன. சோளமும் பயறுவகைகளும் வீட்டிலேயே பாதுகாப்பாக இருந்தபடியால், அறுவடைக் காலத்தின் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் பின்னர் அதிக விலைக்கு வாங்கும் நிலை அவ்விவசாயிகளுக்குக் குறைந்தது. கொள்கலன் பழுதானால் திருத்துபவரும் அதே ஊரில் இருந்தார்.

நகரத்து இயந்திரங்கள்

பிளாஸ்மா, லேசர் போன்ற இயந்திரங்களைப் பற்றியும் எம்மவர் விசாரிக்கிறார்கள். காஸ் வெட்டு மெல்லிய தகட்டுக்கு உரியதல்ல. மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இரும்புக்கே அது நன்று. எவர்சில்வரையும் அலுமினியத்தையும் அது சரிவர வெட்டாது. பிளாஸ்மா மின் கடத்தும் எந்த உலோகத்தையும் வெட்டும். ஆனால் அதற்கு உறுதியான மின்சாரமும் அமுக்கக் காற்றும் வேண்டும். மெல்லிய தகடு அதன் சூட்டில் நெளியும். லேசர் மிக நுட்பமானது. தலைமயிர் அளவு ஒடுக்கமான வெட்டு. கணினியில் வரைபடம் கொடுத்தால் நூறு துண்டும் ஒரே மாதிரி வரும்.

ஒரு துண்டுக்காக லேசர்க் கடைக்குப் போவது வீண்செலவு. ஆனால் இளைஞர் குழுவொன்று நூறு களைகருவிகளுக்கு அலகு செய்ய முன்வந்தால், ஒவ்வொன்றையும் கையால் வெட்டி நாளைக் கழிக்க வேண்டியதில்லை. வரைபடத்தின் செலவு நூறு துண்டுகளில் பங்கிடப்படும். தட்டைத் துண்டுகளை நகரத்தில் வெட்டுவித்து, மடிப்பதையும் பொருத்துவதையும் விற்பதையும் ஊரில் செய்யலாம். வெட்டு நகரத்தில் நடந்தாலும் தொழில் எம் கையில் இருக்கும். துண்டு எத்தனை என்ற கேள்வியைக் கேட்காமல் இயந்திரத்தைத் தெரிவு செய்யக்கூடாது.

வெட்டக்கூடாதவை

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பெற்றோலோ டீசலோ தாரோ இருந்த பீப்பாவை, வெறுமையாகத் தெரிந்தாலும், நெருப்பாலும் கிறைண்டராலும் வெட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். நிறைந்த பீப்பாவைவிட வெறும் பீப்பாவே ஆபத்தானது. பூச்சிகொல்லி இருந்த பேணியையோ பீப்பாவையோ எத்தனை தடவை கழுவினாலும் தண்ணீருக்கும் தானியத்துக்கும் பாவிக்காதீர்கள்.

காணி துப்புரவு செய்யும்போது அகப்படும் இனந்தெரியாத உலோகப் பொருள் எதையும் தொடவோ தட்டவோ வெட்டவோ கூடாது. பழைய இரும்பு விலைக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம். இடத்தை அடையாளமிட்டு விலகி, கிராம சேவையாளருக்கு அல்லது கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

உதவ வருவோரிடம்

வாழ்வாதார உதவி என்ற பெயரில் கிராமங்களுக்குப் பலவகை இயந்திரங்கள் வருகின்றன. அவற்றுள் சில படங்கூடப் பிரிக்கப்படாமல் மூலையில் கிடக்கின்றன. ஓர் உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு வரை போகவேண்டிய இயந்திரம் எமக்குச் சுமையே. யாழ் குடாநாட்டில் 1990 தொடக்கம் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. அக்காலத்தில் வேலை நடந்தது கைக்கருவிகளால்தான். நீண்ட காலத்தின் பின் மின்சாரம் வந்தது. 2022 பங்குனி முடிவில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தது. மின்னை மட்டும் நம்பிய பட்டறை அப்படியான நாளில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஆகவே எமது நிலைப்பாடு இது. ஒரு கிராமத்துக்கு முதலில் வேண்டியவை நல்ல கத்தரித் தொகுதிகள், மரச் சுத்தியல், அரம், ஈயப்பற்றுக் கருவி, தோல் கையுறை, கண்ணாடி, இவற்றைப் பழக்கிவிடும் ஒரு தகரவேலையாளர் என்பனவே. அதன் பின் மிதி கில்லட்டின். வேலை வளர்ந்து, வாங்குவோர் பெருகிய பின்பே மின் இயந்திரம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, பெரிய இயந்திரத்தை முதலில் இறக்கிப் படம் பிடித்துக்கொண்டு போவதால் பயன் வருவது எமக்கல்ல. உதவுவோர் எதைத் தரவேண்டும் என்பதை எம்மிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். நாமும் கேட்பதற்கு முன் எமக்குள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

தகடு எவ்வளவு தடிப்பு? வெட்டு நேரா, வளைவா? துண்டு ஒன்றா, நூறா? பூச்சுக் காக்கப்பட வேண்டுமா? கருவி பழுதானால் ஊரில் திருத்துவார் யார்? அடுத்த தடவை உங்கள் சங்கம் கூடும்போது இந்த ஐந்து கேள்விகளையும் எடுத்துப் பேசுங்கள். ஊரில் முன்னர் தகரவேலை தெரிந்த முதியவர் இருந்தால் அவரையும் அழைத்து இருத்துங்கள். அவர் கையில் உள்ள தொழில் அவரோடு முடிந்துவிடாமல் இரண்டு இளைஞர் கைக்கு மாறவேண்டும். வரப்போகும் மாரிக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பீலியும், அறுவடைக்கு முன் ஒரு நெற் கொள்கலனும் எம் கையாலேயே செய்து வைத்துவிட முடியும்.